பழைய பிக்கப்புக்குக் கட்டுப்படியான விலையில் சாமான்: கேள்வி பதில்

அண்ணே, என்னோட டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 2008-இல் பதிவானது. கிளச் வழுக்குது. ஏஜென்ட் சொன்ன விலையைக் கேட்டு மலைச்சுப்போயிட்டேன். வேற வழி இருக்கா?

இருக்கு தம்பி. முதல்ல ஒரு கணக்கு. சரக்கு வண்டிக்கு இங்கே சிங்கப்பூர்ல ஆயுள் 20 வருஷம். சிஓஇ (வண்டி வச்சிருக்கிறதுக்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பிச்சாலும் 2028-ஐத் தாண்டி ஓட்ட முடியாது. அதுவரைக்கும் தாங்குற சாமான் போதும்.

கடையில போய் "ஹைலக்ஸ் கிளச் இருக்கா"ன்னு கேட்காதீங்க. லாக் கார்டில், அதாவது வண்டியோட பதிவு விவரத்துல, இருக்கிற சேசிஸ் நம்பரைக் கொடுத்து, பார்ட் நம்பரை எடுத்துத் தரச் சொல்லுங்க. ஒரே வருஷத்து வண்டியிலேயே 2.5, 3.0ன்னு இன்ஜின் வேற வேற. நம்பர் கையில இருந்தா காக்கி புக்கிட், சின் மிங், ஊபி வட்டாரங்கள்ல நாலு கடைக்கு போன் போட்டு விலையை ஒப்பிடலாம். டொயோட்டா பெட்டியில வர்ற பல சாமான்களைச் செய்றது ஐசின், டென்சோ மாதிரி கம்பெனிகள்தான். அவங்க சொந்தப் பெட்டியில வாங்கினா பெரும்பாலும் விலை குறையும்.

ஆனா கிளச் வேலையில கூலிதான் கனம். கியர்பாக்ஸையே இறக்கணும். அதனால தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் சேர்த்தே மாத்துங்க. இன்ஜினோட பின் ஆயில் சீல் கசியுதான்னும் அப்பவே பார்த்துடுங்க. பேரிங்ல காசை மிச்சம் பிடிச்சு, கொஞ்ச மாசத்துல மறுபடி முழுக் கூலியும் கொடுத்தவங்களைப் பார்த்திருக்கேன். வயிறு எரியும்.

மலேசியாவுக்குப் போய், ஜொகூர் பாருவில் ஹாஃப் கட் கடையில (வெளிநாட்டுப் பழைய வண்டியைப் பாதியா வெட்டிக் கொண்டுவந்து சாமானா விக்கிற கடை) எடுத்தா லாபமா?

கதவு, கண்ணாடி, விளக்கு, டெயில்கேட் எடுங்க, நல்லது. ரப்பர், பெல்ட், வாட்டர் பம்ப் மட்டும் பழசு வேண்டாம். 2004 முதல் 2017 வரை ஹைலக்ஸ் ஜப்பானிலேயே விற்கப்படல. அதனால ஜப்பான் ஹாஃப் கட்ல தேடி அலையாதீங்க, தாய்லாந்து சரக்கு இருக்கான்னு கேளுங்க.

சிங்கப்பூருக்குத் திரும்பி வரும்போது ஜிஎஸ்டி வரியையும் கணக்குல சேருங்க. 48 மணி நேரத்துக்குள்ள திரும்பினா 100 வெள்ளி வரைக்கும்தான் சலுகை, அதுவும் சொந்த உபயோகப் பொருளுக்கு மட்டும். ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறவங்களுக்கு அது கிடையாது.

ஆன்லைன்ல பிரேக் பேட் பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமா?

வேண்டாம். பின்னாடி ஆளுங்களை ஏத்திட்டுப் போற வண்டி அது. தெரிஞ்ச கடையில, பேர் தெரிஞ்ச கம்பெனி பேட் வாங்குங்க.

என்னோட நிசான் நவாரா பிக்கப்பில் பேட்டரி அடிக்கடி இறங்குது. புது ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற சாமான்) போடச் சொல்றாங்க.

அவசரப்படாதீங்க அண்ணே. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில மீட்டர் வச்சுப் பாருங்க. 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினா ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு, பேட்டரியைச் சோதிங்க. குறைஞ்சா முதல்ல பெல்ட் தளர்ந்திருக்கா, டெர்மினல்ல பூஞ்சணம் பிடிச்சிருக்கான்னு பாருங்க. அதுக்கப்புறமும் ஏறலன்னா கழற்றி, ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை செய்றவர்கிட்ட கொடுங்க. பல நேரம் கார்பன் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் மாத்தினாலே ஓடும்.