வாசகர் கேள்வி: தீவனமும் சாப்பாடும்

கே: மாட்டுப் பொங்கலன்று தெருவில் இருப்பவர்கள் எல்லாரும் எங்கள் பசுவுக்குப் பொங்கலும் பழமும் ஊட்டினார்கள். மறுநாள் அசைபோடவே இல்லை. சாணம் தண்ணீராகப் போய்ப் புளித்த வாடை அடித்தது. என்ன ஆயிற்று? (திருவண்ணாமலை வாசகர்)

ப: பெருவயிற்றில், அதாவது மாட்டின் நான்கு வயிற்று அறைகளில் பெரியதில், அமிலம் ஏறிவிட்டது. தை மாதத்திலும் கல்யாண மண்டபங்களின் மீதிச் சோறு தொழுவத்துக்கு வரும் முகூர்த்த நாட்களிலும் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் கேஸ் இது.

வெந்த அரிசி முழுக்க மாவுச்சத்து. பெருவயிற்று நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதை லாக்டிக் அமிலமாக்கிவிடும். அங்கே அமிலத்தைக் காட்டும் பிஎச் எண் 6-க்கும் 7-க்கும் நடுவே இருக்க வேண்டும், அமிலம் கூடக்கூட இந்த எண் குறையும். 5.5-க்குக் கீழே இறங்கினால் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். இன்னும் இறங்கினால் உடம்பின் நீரையெல்லாம் பெருவயிறு இழுத்துக்கொள்ளும். சாணம் நீராகப் போவதும் கண் குழி விழுவதும் அதனால்தான்.

மாட்டுக்கு இதற்கான மருந்து அதன் வாயிலேயே சுரக்கிறது. ஒரு பசு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும், அதில் சோடா உப்பு கரைந்திருக்கும். ஆனால் அது மென்றால்தான் சுரக்கும். வைக்கோல் தின்ற மாடு ஏழெட்டு மணி நேரம் படுத்து அசைபோடும், ஒரு கவளத்தை 50, 60 தடவை மெல்லும். சோற்றுக்கு மெல்ல வேண்டிய வேலையே இல்லை. அமிலம் கூடுகிறது, அதை முறிக்கும் உமிழ்நீரும் வராமல் போகிறது.

இப்படி நடந்தால் முதலில் சோறு, புண்ணாக்கு, தவிடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வைக்கோல் மட்டும் போடுங்கள். இடது பக்கப் பசிக்குழியில் (கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்) முஷ்டியை அழுத்தி வையுங்கள். நல்ல மாட்டுக்கு இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை கையைத் தள்ளும். தள்ளாமல் உள்ளே தண்ணீர் குலுங்கினால் நிலைமை மோசம். மாடு தெம்பாக நின்றுகொண்டிருந்தால், மருத்துவர் வருவதற்குள் முதலுதவியாக 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். கொடுக்கும்போதுதான் பலரும் தவறு செய்கிறார்கள். தலையை அண்ணாந்து பிடித்து நாக்கை இழுத்து ஊற்றினால் கரைசல் நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கு முதுகு மட்டத்துக்கு மேல் போகக்கூடாது. கடைவாய் ஓரமாக, ஒவ்வொரு மடக்காக விழுங்கவிட்டு ஊற்றுங்கள். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். படுத்துவிட்ட, காது சில்லிட்ட மாட்டுக்கு வாய்வழியே எதுவும் வேண்டாம். அதற்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும். 1962-க்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

பிழைத்த மாடு சில வாரம் கழித்து நொண்டினால் அதுவும் இந்த அமிலத்தின் விளைவாக இருக்கலாம், குளம்பைக் காட்டுங்கள். அடுத்த பொங்கலுக்கு மாட்டின் வயிறு நிறைய வைக்கோலும் பசும்புல்லும் போட்ட பிறகு படையலை வையுங்கள், வீட்டுக்கொரு கைப்பிடி என்றுகூட வேண்டாம், மொத்தமாகவே இரண்டு மூன்று கைப்பிடி போதும்.

கே: தனக்கு ஆகாததை விலங்குகள் தொடாது என்பார்களே? அப்புறம் எப்படிப் பசு சோற்றைத் தின்றது? (அதே வாசகர்)

ப: அந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் ப்ரொவென்ஸாவும் உடன் ஆய்ந்தவர்களும் ஆடுகளிடம் இதைப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். தானியம் அதிகம் தின்ற செம்மறிகள் சோடா உப்பு கரைத்த தண்ணீரை விரும்பிக் குடித்ததை 1998-இல் எழுதினார்கள். தின்ற பிறகு வயிறு எப்படி இருந்தது என்பதை அந்த உணவின் ருசியோடு சேர்த்து விலங்கு நினைவில் வைக்கிறது. அதாவது இது பழகிக் கற்கும் அறிவு. வருடத்துக்கு ஒருமுறை வரும் இனிப்புப் பொங்கல், தின்று பல மணி நேரம் கழித்து வரும் வேதனை: இதில் பசு கற்றுக்கொள்ள வழியே இல்லை.

குட்டிகள் தாய் கடிப்பதைப் பார்த்துத்தான் இலைகளைப் பழகுகின்றன. வெளியூர்ச் சந்தையில் வாங்கிய ஆடு உங்கள் தோட்டத்துத் தீவன மரமான சூபாபுல்லின் தழையைத் தொடாவிட்டால் அதுவே காரணம். அதைத் தின்று பழகிய உள்ளூர் ஆடு ஒன்றோடு சேர்த்துக் கட்டி, தெரிந்த தழையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போடுங்கள். மொத்தப் பசுந்தீவனத்தில் சூபாபுல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருளால் ஆட்டுக்கு முடி கொட்டும்.

கே: இரண்டு வயதுப் பேரன் செல்போன் காட்டினால்தான் வாய் திறக்கிறான். ஊட்டாமல் விட்டால் பட்டினி கிடப்பானோ என்று பயமாக இருக்கிறது. (மதுரை வாசகி)

ப: பயப்படாதீர்கள் அம்மா. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகள் 15 பேருக்கு எதைத் தின்பது, எவ்வளவு தின்பது என்பதை அவர்களிடமே விட்டுப் பார்த்தார். குழந்தை கை நீட்டினால் மட்டுமே செவிலி கரண்டியை எடுக்கலாம். ஒவ்வொரு வேளையும் தாறுமாறாகத் தெரிந்தாலும் குழந்தைகள் எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். ஆனால் 1939-இல் அவர் எழுதியபடி, சூட்சுமம் எல்லாம் குழந்தைகள் முன் வைத்த பொருட்களில்தான் இருந்தது. பட்டியலில் இருந்த 34-இல் சர்க்கரையோ பிஸ்கட்டோ கிடையாது.

எனவே எதை, எப்போது வைப்பது என்பது உங்கள் பொறுப்பு, எவ்வளவு என்பது அவனுடையது. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறுதீனி, நடுவில் தண்ணீர் மட்டும். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சாப்பாட்டுப் பசி போய்விடும். 20, 30 நிமிடத்தில் எதுவும் சொல்லாமல் தட்டை எடுத்துவிடுங்கள். "முடி, முடி" என்று விரட்டினால் குழந்தைகள் அந்த உணவைக் குறைவாகவே சாப்பிடுகிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் லீயன் பர்ச் குழுவினர் 2006-இல் சூப்பை வைத்தே காட்டினார்கள். புதிய காயைப் பட்டாணி அளவு வையுங்கள். பத்துப் பதினைந்து தடவை ருசி பார்த்த பிறகுதான் பல குழந்தைகளுக்குப் பிடிக்கும், மூன்றாம் தடவையோடு விட்டுவிடாதீர்கள். எடை குறைந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: உருட்டினால் தீனி விழும் பந்தை நாய் விரும்புகிறது, பூனை சீண்டுவதே இல்லை. ஏன்? (கோவை வாசகர்)

ப: கிண்ணத்தில் சும்மா கிடைத்தாலும் உழைத்துத் தின்பதை எலி, கோழி, புறா எனப் பல விலங்குகள் விரும்புவது 1963 முதலே ஆய்வுகளில் தெரிந்த விஷயம். 2021-இல் கலிஃபோர்னியாவில் வீட்டுப் பூனைகளைச் சோதித்தபோது, அவை தட்டில் இருந்ததையே அதிகம் தின்றன. பூனைக்குச் சிறு சிறு அளவாக நாலைந்து தடவை வைத்தால் போதும். பந்தைப் பழக்குவதற்காகப் பட்டினி போடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.