ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த தாத்தாவின் இறப்புச் சான்றிதழை எங்கே, எப்படித் தேடுவது?

தாத்தா 1970-களில் இறந்துவிட்டார், அப்போது யாரும் சான்றிதழ் வாங்கவில்லை, இப்போது வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாற்றத்துக்கும் அதைக் கேட்கிறார்கள், கிராம நிர்வாக அலுவலரோ தம்மிடம் பழைய பதிவேடு இல்லை என்கிறார், இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலையில் எங்கள் குடும்பம் சில ஆண்டுகளுக்கு முன் எட்டு மாதம் அலைந்தது. அந்த எட்டு மாதத்தில் ஏழு மாதத்தைத் தவறான அலுவலகத்தில் கழித்தோம் என்பதால், தேடத் தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவற்றையே முதலில் சொல்கிறேன். குடும்பத்தார் சான்றிதழ் வாங்காமல் விட்டதால் இறப்பு பதிவாகவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். பதிவு ஒரு புறம் நடந்திருக்கலாம்; அதன் நகலை வாங்கத்தான் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. என் அப்பாவைப் பெற்ற தாத்தா 1974-இல் காலமானார். ஒன்றரை மா நிலம் அவர் பெயரிலேயே பட்டாவில் கிடந்தது. தாத்தா வாழ்ந்தது அந்த ஊர், அவரைத் தகனம் செய்தது அந்த ஊர்ச் சுடுகாடு, ஆகவே பதிவும் அந்த ஊரில்தான் இருக்கும் என்று நாங்கள் எண்ணியது இயல்பே. ஆனால் இறப்பு எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அந்த இடத்துக்குரிய பதிவாளரிடம்தான் அது பதிவாகும். இறந்தவர் எங்கே குடியிருந்தார், எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பவை பதிவிடத்தை முடிவு செய்வதில்லை. இந்த ஒரு விதியை அறியாமல்தான் நாங்கள் ஏழு மாதம் இழந்தோம்.

கடைசியில் உண்மையைச் சொன்னவர் எண்பது வயதைத் தாண்டிய என் அத்தை. ஊர்ப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று சொன்னதும், “அப்பா ஊர்ல எங்கடா செத்தாரு? தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலதானே உசுரு போச்சு, வாடகைக் கார்ல வச்சு ராவோட ராவாக் கொண்டாந்தோம்” என்றார். அதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை. எனவே எந்த அலுவலகத்தின் படியையும் மிதிக்கும் முன், வீட்டிலுள்ள மூத்தவர்களை உட்காரவைத்து, கடைசி மூச்சு எந்த இடத்தில் போனது என்பதைக் கேட்டுவிடுங்கள். மருத்துவமனையில் இறந்திருந்தால் ஒரு வகையில் உங்களுக்கு நல்லதே. வீட்டில் நிகழும் இறப்பைத் தெரிவிக்கும் பொறுப்பு குடும்பத் தலைவருடையது. மருத்துவமனையில் நிகழ்வதைத் தெரிவிக்கும் பொறுப்பு அதன் பொறுப்பு மருத்துவருடையது. குடும்பம் மறந்திருந்தாலும் மருத்துவமனை அனுப்பிய அறிக்கை பதிவேட்டில் ஏறியிருக்க வாய்ப்பு மிகுதி.

அடுத்தது நாள். இது ஏன் முக்கியம் என்றால், பழைய பதிவைத் தேடித் தரும் கட்டணம் ஆண்டுக் கணக்கில் விதிக்கப்படுகிறது என்பதோடு, ‘எழுபத்து மூன்றோ நாலோ அஞ்சோ’ என்று மனுவில் எழுதினால் அதை எடுத்துப் பார்க்கும் எழுத்தருக்கும் மனம் வராது. நம் வீடுகளில் ஆங்கிலத் தேதியை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆனால் திதியை மறப்பதில்லை. ஆண்டுதோறும் திவசம் கொடுப்பதால் எங்கள் வீட்டில் ‘ஐப்பசி மாதம், தேய்பிறைப் பஞ்சமி’ என்பது தெரிந்திருந்தது. ஆண்டின் பெயர் ஆனந்த என்று அத்தைக்கு நினைவிருந்தது. அறுபது ஆண்டுச் சுற்றில் ஆனந்த ஆண்டு 1974 ஏப்ரலில் தொடங்கி 1975 ஏப்ரலில் முடிகிறது. அந்த ஆண்டின் ஐப்பசித் தேய்பிறைப் பஞ்சமி 1974 நவம்பர் முதல் வாரத்தில் வருகிறது என்பதைப் பழைய பஞ்சாங்கம் வைத்திருந்த ஒருவர் சில நிமிடங்களில் சொல்லிவிட்டார். அதை உறுதிசெய்தது பரணில் கிடந்த கருமாதி மொய் நோட்டு. அதன் முதல் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியத்தின் தேதி மையால் எழுதப்பட்டிருந்தது. பின்னோக்கி எண்ணினால் பஞ்சாங்கம் சொன்ன வாரத்திலேயே வந்து நின்றது. கருப்புக் கரையிட்ட உத்தரகிரியைப் பத்திரிகை, ஓய்வூதியப் புத்தகம், தாத்தா இறந்த பின் எழுதப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரம், கிறித்தவக் குடும்பமானால் தேவாலயத்தின் அடக்கப் பதிவேடு ஆகியவையும் இவ்வாறே உதவும்.

ஆண்டைப் பற்றி இன்னும் ஒன்று. பதிவேடு ஆங்கில ஆண்டின்படி வைக்கப்படுகிறது. பதிவு எண் ஒவ்வொரு சனவரியிலும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. பதிவு, இறந்த நாளின் வரிசையில் அமையாது. தகவல் வந்து பதிவு செய்த நாளின் வரிசையில் அமையும். ஆகவே மார்கழியில் இறந்தவரின் பெயர் அடுத்த ஆண்டுப் பதிவேட்டின் தொடக்கத்தில் இருக்கக்கூடும். டிசம்பர்ப் பக்கங்களைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று சொன்னால், சனவரி, பிப்ரவரிப் பக்கங்களையும் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

உங்கள் தாத்தா உண்மையிலேயே கிராமத்து வீட்டில் இறந்திருந்தால் தேட வேண்டிய வழி இது. இன்று கிராமங்களில் பதிவாளராக இருப்பவர் கிராம நிர்வாக அலுவலர். ஆனால் அந்தப் பதவியே 1980-இல் பழைய பகுதிநேரக் கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகு வந்தது. அதற்கு முன் பிறப்பு இறப்புக் கணக்கை எழுதியவர் கிராம முன்சீப், எங்கள் பக்கத்து வழக்கில் மணியக்காரர். எனவே இன்றைய அலுவலர் தம்மிடம் 1970-களின் பதிவேடு இல்லை என்று சொல்வது பெரும்பாலும் உண்மையே. அவர் தட்டிக்கழிக்கிறார் என்று கோபப்படுவதில் பயனில்லை. கிராமத்தின் முந்தைய ஆண்டுப் பதிவேடுகள் வட்டாட்சியர் அலுவலகம் வழியாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. நிலம் பதிவு செய்யும் அதே சார்பதிவாளர் அலுவலகந்தான். பத்திரப் பதிவுக்கு மட்டுமே அது என்று எண்ணிப் பலர் அங்கே கேட்பதே இல்லை. பதிவுத் துறையின் இணையதளத்திலும் பிறப்பு, இறப்புச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் பகுதி உண்டு.

இங்கே இரண்டு இடறல்கள் வரும். பதிவேடு வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். நாம் ‘எங்கள் ஊர்’ என்று சொல்லும் குக்கிராமத்தின் பெயர் அட்டையில் இராது. பழைய பட்டாவிலோ கிரயப் பத்திரத்திலோ ‘இன்ன வட்டம், இன்ன கிராமம்’ என்று இருப்பதை அப்படியே மனுவில் எழுதுங்கள். அடுத்து, மாவட்ட வட்ட எல்லைகள் மாறியிருக்கும். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர் உருவானது, 2020-இல் மயிலாடுதுறை வந்தது. இந்தப் பிரிவினைகளின்போது பதிவேடு எந்த அலுவலகத்துக்குப் போனது என்பது அங்கே புதிதாக வந்த பணியாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டிக்கொண்டே இருந்தபோது, நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: ‘இன்ன வருவாய்க் கிராமத்தின் 1974, 1975-ஆம் ஆண்டு இறப்புப் பதிவேடுகள் இப்போது எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளன?’ முப்பது நாளுக்குள் எழுத்தில் விடை வந்தது. சான்றிதழையே இந்தச் சட்டத்தில் கேட்காதீர்கள், அதற்குத் தனி வழி இருக்கிறது என்று திருப்பிவிடுவார்கள். பதிவேடு இருக்கும் இடத்தை மட்டும் கேளுங்கள்.

அந்த விடை கையில் கிடைத்து, ஊர்ப் பதிவேட்டில் தாத்தாவின் பெயர் இல்லை என்பதும் தெளிவான பிறகுதான் அத்தை வாய் திறந்தார். நகரத்தில் நிகழ்ந்த இறப்பு என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவுக்குப் போக வேண்டும். தஞ்சாவூர் 1974-இல் நகராட்சி, 2014-இல்தான் மாநகராட்சியானது, ஆனாலும் பழைய பதிவேடுகள் அதே அமைப்பின் பொறுப்பில் தொடர்கின்றன. நகரத்தின் விளிம்பில் உள்ள மருத்துவமனையாக இருந்தால், அது அன்று நகராட்சி எல்லைக்குள் இருந்ததா, பக்கத்து ஊராட்சியில் இருந்ததா என்பதையும் விசாரியுங்கள்.

வெள்ளைத்தாளில் மனு எழுதி, இறந்தவரின் பெயர், தந்தை பெயர், ஏறத்தாழ வயது, சொந்த ஊர், இறந்த இடம், நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, என் அடையாளச் சான்றையும் உறவைக் காட்டும் ஆவணத்தையும் இணைத்துக் கொடுத்தேன். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு, கட்டணம் செலுத்தி எவரும் பதிவேட்டில் தேடச் செய்யலாம், இறப்புச் சான்றைப் பெறலாம் என்று சொல்கிறது. இந்தச் சட்டம் தமிழ்நாட்டில் 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது; அதற்கு முந்தைய பதிவுகள் 1899-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தின்படி எழுதப்பட்டவை. பிரிவு எண்ணை மனுவில் குறிப்பிடுவது நல்லது. ‘அவ்வளவு பழையது தர மாட்டோம்’ என்ற வாய்மொழி மறுப்பு அதன்பின் எழவில்லை. இறப்புப் பதிவேடு நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டிய ஆவணம், அழிக்கக் கூடாதது என்றும் விதிகள் சொல்கின்றன. ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: இறப்பின் காரணத்தைச் சான்றில் வெளியிடக் கூடாது என்று அதே 17-ஆவது பிரிவு தடுக்கிறது.

எழுத்தர் முதலில் ‘ராமசாமி’ என்ற தாத்தாவின் பெயரைத் தேடி, இல்லை என்றார். பக்கத்தில் நின்ற நான் ஊர்ப் பெயரைப் பார்க்கச் சொன்னேன். நவம்பர் மாதப் பக்கம் ஒன்றில், எங்கள் ஊரின் பெயரும் என் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் சரியாக இருக்க, இறந்தவர் பெயர் ‘ராமன்’ என்றும் வயது 60 என்றும் இருந்தது. அறுபத்தேழு வயதில் இறந்தவர் அவர். அந்தக் காலத்தில் யாரோ வாய்மொழியாகச் சொன்னதை யாரோ எழுதியிருக்கிறார்கள். ஆகவே பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள்; வீட்டுப் பெயர், கூப்பிடும் பெயர், தந்தை பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். பெண்களைத் தேடும்போது கணவர் பெயரையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது; பழைய பதிவேடுகளில் ‘இன்னார் மனைவி’ என்பது மட்டும் தெளிவாக இருந்து, அவருடைய சொந்தப் பெயர் படிக்க முடியாதபடி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பிழையைத் திருத்த 15-ஆவது பிரிவு இடம் தருகிறது. பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதிப் பதிவாளர் கையொப்பமிடுவார். ஆனால் பள்ளிச் சான்றோ வேறு பழைய ஆவணமோ இல்லாத ஒருவருக்கு வயதைத் திருத்தக் கேட்டு நாங்கள் போராடவில்லை. ‘ராமசாமி என்கிற ராமன்’ என்று எழுதப்பட்டிருந்த பழைய அடமானப் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதைக் காட்டி, இருவரும் ஒருவரே என்று உறுதிமொழி ஆவணம் எழுதி இணைத்ததோடு வருவாய்த் துறையில் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

எங்கு தேடியும் இல்லை என்றால், ‘பதிவு இல்லை’ என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். அது வெறும் மறுப்புக் கடிதம் அன்று. காலம் கடந்த பதிவுக்கு அதுவே முதல் ஆவணம். ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்கு முன்பு சட்டத்தில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி மாவட்ட நடுவர், கோட்ட நடுவர் அல்லது அதிகாரம் பெற்ற செயல்துறை நடுவரின் ஆணை போதும். நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இதற்கு மனுச் செய்கிறோம். கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையும் சாட்சிகளின் வாக்குமூலமும் தேவைப்படும் என்பதால், மேலே சொன்ன மொய் நோட்டும் பத்திரிகையும் இங்கே மறுபடி பயன்படும்.

ஆனால் இந்த வழியை முதலாவதாக எடுக்காதீர்கள். எங்களிடம் ஓர் இடைத்தரகர் வந்து, தேடுவதெல்லாம் வீண், ஊரிலேயே இறந்ததாகப் புதிதாய்ப் பதிந்துவிடலாம் என்று ஆசை காட்டினார். அலைந்து களைத்திருந்த என் அப்பா ஏறக்குறைய ஒப்புக்கொண்டும் விட்டார். அப்படிச் செய்திருந்தால் ஒரே மனிதருக்கு இரண்டு இடங்களில் இரண்டு தேதியில் இறப்புப் பதிவு இருந்திருக்கும். பாகத்தில் மனத்தாங்கல் உள்ள ஒரு பங்காளி அதைக் கண்டுபிடித்தால், பொய்த் தகவல் கொடுத்த குற்றத்தோடு வழக்கும் வந்து சேரும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அலுவலகத்தை விட்டு நகர்வதற்கு முன் பெயர், தந்தை பெயர், இறந்த நாள், பதிவு எண், பதிவு நாள் ஆகியவற்றை அங்கேயே படித்துப் பாருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகள் ஒத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கூடுதல் படிகளை அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று படிகள் வாங்கினோம்: ஒன்று வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று மனுவோடு போனது, ஒன்று பட்டா மாற்றத்துக்குப் போனது, மூன்றாவதை அத்தை கேட்டு வாங்கி மொய் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.