டிஸ்கோ செத்துப்போனதா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் நாள் முழுக்க எழுபதுகளின் டிஸ்கோ, சோல், கார்ப்பென்டர்ஸ் என்று காதில் மாட்டிக்கொண்டு திரிகிறாள். எங்கள் காலத்திலேயே செத்துப்போன சரக்கு அது. ஒன்று ‘டம் டம்’ என்று யந்திரத் தாளம், இல்லாவிட்டால் ஜவ்வுமிட்டாய்ப் பாட்டு. இப்போது திடீரென்று இதற்கு மவுசு. பழையதைப் புதியதாக விற்கும் வியாபாரம்தானே இது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வியாபாரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய இசைத்தட்டுகளை மறுபடி அச்சிட்டு விற்கிறவர்கள் காசுக்காகத்தான் விற்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது ‘செத்துப்போன’ என்கிற வார்த்தை. டிஸ்கோ தானாகச் சாகவில்லை. நாள் குறித்து, ஆள் திரட்டி, வெடி வைத்தார்கள்.

1979 ஜூலை 12. சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் அன்று அடுத்தடுத்து இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர், முன்பு வேலை பார்த்த நிலையம் டிஸ்கோவுக்கு மாறியபோது வேலை இழந்தவர். அவர் முன்னின்று நடத்திய அந்த நிகழ்ச்சிக்கு, ஒரு டிஸ்கோ தட்டைக் கையில் கொண்டுவந்தால் 98 சென்ட்தான் நுழைவுக் கட்டணம். சுமார் 50,000 பேர் திரண்டார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடிக்க வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அன்று அங்கே பார்வையாளர்களுக்கு இடம் காட்டும் வேலையில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ். ஜனங்கள் கொண்டுவந்த தட்டுகளில் பல டிஸ்கோவே இல்லை, கறுப்பினப் பாடகர்கள் உருகிப் பாடும் சோல், அதற்கு உறவான ஆர் அண்ட் பி தட்டுகள் என்று அவர் பின்னாளில் சொன்னார்.

பாட்டுப் பிடிக்காதவன் நிலையத்தை மாற்றுவான், வெடி வைக்க மாட்டான். டிஸ்கோ வளர்ந்தது நியூயார்க்கில் கறுப்பினத்தவரும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும், தன்பாலீர்ப்பாளர்களும் கூடி ஆடிய இடங்களில். வெடித்த கோபத்தில் தாளத்தின் மேல் எவ்வளவு, ஆடியவர்கள் மேல் எவ்வளவு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தச் சண்டையில் நமக்குப் பங்கே கிடையாது. ஆனாலும் ‘டிஸ்கோ என்றால் குப்பை’ என்ற தீர்ப்பை மட்டும் கப்பலில் வந்த சாமான் போல இறக்கிக்கொண்டோம்.

நானும் இறக்கிக்கொண்டவன். எண்பதுகளில் ரெக்கார்டிங் கடைக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்து 60 நிமிட கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்குவோமே, என் பட்டியலில் ராக் மட்டும்தான் இருக்கும். தங்கை போனி எம் என்ற டிஸ்கோ குழுவின் பாட்டைக் கேட்டால் ‘பி’ பக்கத்தின் கடைசியில், இடம் மிச்சமிருந்தால். அந்த கேசட்டின் முதல் பாட்டு குவீன் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’, 1980-இல் வந்தது. அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்துகிற பேஸ் கிட்டார் நடை, சிக் என்ற டிஸ்கோ குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டின் வழியில் பிறந்தது என்பது பல ஆண்டு கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. குப்பை என்று நான் ஒதுக்கியதும், உயர்ந்தது என்று நான் கொண்டாடியதும் ஒரே ஊற்றுத் தண்ணீர்.

‘குட் டைம்ஸ்’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது 1979 ஆகஸ்டில், அதாவது சிகாகோவில் தட்டுகள் வெடித்த மறுமாதம். பேஸ் வாசித்தவர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், கிட்டார் நைல் ராட்ஜர்ஸ். அதே ஆண்டு அந்த நடையின் மேல்தான் சுகர்ஹில் கேங் ‘ராப்பர்ஸ் டிலைட்’டைப் பேசிப் பாடியது, ராப் இசை நாடெங்கும் கேட்கத் தொடங்கியது அதிலிருந்து. சிக் குழுவுக்கு அப்புறம் அப்படியொரு வெற்றி வாய்க்கவில்லை. ஆனால் ராட்ஜர்ஸ் 1983-இல் டேவிட் போவிக்கும், அடுத்த ஆண்டு மடோனாவுக்கும் ஆல்பம் தயாரித்தார். 2013-இல் டாஃப்ட் பங்க் குழுவின் ‘கெட் லக்கி’ பாட்டில் கேட்கிற கிட்டாரும் அவர் கைதான்.

யந்திரத் தாளம் என்கிறீர்கள். 1973-இல் ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் கூடத்தில் காதல் பிரிவைச் சொல்லும் ஒரு பாட்டைப் பதிந்தார்கள்: ஹரோல்ட் மெல்வின் குழுவின் ‘த லவ் ஐ லாஸ்ட்’. மெதுவான பாட்டாக நினைத்துத்தான் ஆரம்பித்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. வேகத்தைக் கூட்டினார்கள். டிரம்ஸ் வாசித்த எர்ல் யங் நான்கு அடியிலும் கால் டிரம்மை மிதித்து, இடைவெளிகளில் ஹை-ஹாட் என்கிற ஜோடி உலோகத் தாளத் தட்டைத் திறந்து மூடினார். டிஸ்கோவின் நடை அங்கே உருவானது. பாடுகிற குரல் முழுக்க சோல், அழுகை. காலடியில் ஓடுவது டிஸ்கோ. இரண்டும் எங்கே பிரிகின்றன என்று என்னால் கோடு போட முடியவில்லை. முழுக்க சிந்தசைசரில் செய்ததாகப் பேர்பெற்ற டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ (1977) பாட்டில்கூட கால் டிரம் மட்டும் ஒரு மனிதர் மிதித்தது.

ஜவ்வுமிட்டாய் என்றீர்களே, அதற்குத்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். கார்ப்பென்டர்ஸ் என்ற அண்ணன்-தங்கை ஜோடியில் தங்கை கேரன் கார்ப்பென்டர் 1971-இல் பாடிய ‘சூப்பர்ஸ்டார்’ கேளுங்கள். திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன இசைக்கலைஞனுக்காக, வானொலியில் அவன் கிட்டாரைக் கேட்டபடி காத்திருக்கிற பெண்ணின் பாட்டு. அண்ணன் ரிச்சர்ட் நாப்கின் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்த வரிகளைப் பார்த்தபடி, ஒத்திகை போல ஒருமுறை பாடினார் கேரன். தட்டில் இருப்பது அந்த முதல் முறைதான். கீழ் ஸ்தாயியில் அந்தக் குரல் இறங்கும்போது, குரலை உயர்த்தாமலே நம்மை அசையவிடாமல் செய்துவிடுகிறது. அவர் டிரம்ஸ் வாசிப்பவராகவே தொடங்கியவர். அடிக்கு எவ்வளவு பின்னால் சொல்லை வைக்க வேண்டும் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம். 1983-இல், 32 வயதில் இறந்தார்.

வெடி வைத்த சிகாகோவில் அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதே ஊரின் கிளப்புகளில் டிஸ்கோ தட்டுகளை வைத்துக்கொண்டு டிஜேக்கள் செய்த வேலையிலிருந்துதான் ‘ஹவுஸ்’ என்கிற ஆட்ட இசை பிறந்தது. அதன் முதல் தட்டுகளில் ஒன்று 1984-இல் வந்த ‘ஆன் அண்ட் ஆன்’. எழுதியவர்களில் ஒருவர், மைதானத்தில் இடம் காட்டிய அதே வின்ஸ் லாரன்ஸ்.

உங்கள் மகளிடம் இன்று ராத்திரி ‘குட் டைம்ஸ்’ போடச் சொல்லுங்கள். எட்டு நிமிட நீளமுள்ள ஆல்பம் பதிப்பு. செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் பேஸ் கேட்காது. அவளுடைய ஹெட்போனை வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் குரல்கள் எல்லாம் விலகி, பேஸும் டிரம்ஸும் மட்டும் நடக்கிற இடம் வரும். பிறகு ஒவ்வொரு வாத்தியமாக வந்து கூட்டத்தில் சேரும். அதைக் கேட்ட பிறகும் யந்திரம் என்றே தோன்றினால் எழுதுங்கள். இதே பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட வெட்டாமல் போடுகிறேன்.