வாசகர் கேள்வி: உலகின் பெருந்தளபதி யார்?

தளபதிகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்திருக்கிறேன்.

பாடசாலை விவாதப் போட்டியில் ‘அலெக்சாந்தரே தலைசிறந்த தளபதி’ என்று பேசவேண்டும். எதிரணிக்கு நெப்போலியன். எதை வைத்து அளப்பது?
– உயர்தர மாணவர், களுவாஞ்சிகுடி

தம்பி, வென்ற போர்களை எண்ணத் தொடங்கினால் தோற்றுவிடுவீர்கள். நெப்போலியன் ஏறத்தாழ 60 போர்க்களங்களில் நின்றவர். அலெக்சாந்தரின் பெருஞ்சமர்கள் நான்குதான்: கிரானிக்கஸ், இஸ்ஸஸ், கௌகமேலா, ஹைடஸ்பஸ். அளவுகோலை மாற்றுங்கள். படையை எவ்வளவு தூரம் கொண்டுபோனார், அங்கே அது எதைத் தின்றது என்று கேளுங்கள்.

கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். நடக்கும் வீரனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.4 கிலோ தானியம், 2 லீற்றர் தண்ணீர். குதிரைக்குச் சுமார் 4.5 கிலோ தானியம், அதே அளவு புல், 30 லீற்றர் தண்ணீர். 50,000 பேர், 10,000 குதிரை என்றால் ஒரு நாளைக்கு 50 கிலோ மூடை 2,300 வேண்டும். தண்ணீர் 4 இலட்சம் லீற்றர், அதாவது 10,000 லீற்றர் பவுசர் நாற்பது. அது ஒரு நாளைக்கு மட்டும். மறுநாள் விடிந்தால் திரும்பவும் அவ்வளவு.

மாசிடோனியாவிலிருந்து பஞ்சாப் வரை எட்டு ஆண்டுகள் இந்தக் கணக்கைச் சமாளித்தவர் உங்கள் ஆள். ஆனால் கி.மு. 325இல் கெட்ரோசியப் பாலைவனத்தில் (இன்றைய பலுசிஸ்தான்) அதே கணக்கு அவரைக் கைவிட்டது. எதிரணி அதைக் கட்டாயம் எடுக்கும். எடுத்தவுடன் 1812ஐக் காட்டுங்கள். ரஷ்யாவுக்குள் நுழைந்த முதல் வாரங்களிலேயே, பனி விழ மாதக்கணக்கு இருக்கையில், பச்சைப் பயிரைத் தின்ற நெப்போலியனின் குதிரைகள் வயிறு ஊதி ஆயிரக்கணக்கில் செத்தன. குதிரை போனால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் ரொட்டி வராது.

கன்னே சமரில் ஹனிபல் 50,000 பேரை வைத்து 86,000 உரோமரைச் சுற்றிவளைத்தாராம். சிறிய படை பெரிய படையைச் சுற்ற முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்முனை

பெரிய படை தானே நெருக்கியடித்து நின்றால் முடியும், ஐயா. கி.மு. 216இல் நடந்தது அதுதான். கதை தானியத்தில் தொடங்குகிறது. தென் இத்தாலியிலுள்ள கன்னே உரோமரின் களஞ்சியம். வடஆபிரிக்கக் கார்த்தேஜின் தளபதி ஹனிபல் முதலில் அதைப் பிடித்தார். உரோமர் தேடி வந்தார்கள். சமருக்கு முதல்நாள், ஆற்றில் தண்ணீர் அள்ள வந்தவர்கள் மீது தன் நுமிடியக் குதிரைவீரரை (வடஆபிரிக்க இலகு குதிரைப்படை) ஏவினார்.

உரோமரின் இரு தளபதிகளும் நாள் மாறி நாள் கட்டளையிட்டார்கள். மறுநாள் முறை வர்ரோவுக்கு. நடுவை உடைத்துவிடலாம் என்று எண்ணி, அணிகளுக்கிடையே வழமையாக விடும் இடைவெளியைக் குறைத்து, ஒவ்வோர் அணியிலும் அகலத்தைவிட ஆழம் கூடும்படி காலாட்களை அடுக்கினார். இதனால் 80,000 காலாட்களின் முகப்பு ஹனிபலின் 40,000 காலாட்களின் முகப்பளவுதான் இருந்தது. பின்வரிசையில் நின்றவன் வாளுக்கு வேலையே இல்லை.

ஹனிபல் கோல் மற்றும் ஸ்பானியக் காலாட்களை நடுவில் பிறைபோல முன்தள்ளி நிறுத்தினார். இரு முனைகளிலும் ஆபிரிக்கக் காலாட்கள். ஆற்றோரம் அவருடைய துணைத்தளபதி ஹஸ்துருபாலின் கனத்த குதிரைப்படை, மறுபுறம் நுமிடியர். பிறை மெல்ல மெல்லப் பின்வாங்கி, வெளியே வளைந்தது உள்ளே வளைந்தது. உரோமர் அந்தக் குழிக்குள் பாய்ந்தார்கள். ஆபிரிக்கர் இரு பக்கமும் உள்நோக்கித் திரும்பினார்கள். ஹஸ்துருபால் எதிரே நின்ற குதிரைப்படையைச் சிதறடித்து, முதுகுப்புறமாகச் சுற்றிவந்து, மறுமுனைக் குதிரைப்படையையும் விரட்டிவிட்டுக் காலாட்களின் பின்னால் விழுந்தார்.

ஹனிபல் தப்பியது நூலிழையில்தான். குதிரைப்படை திரும்புமுன் நடு அறுந்திருந்தால் அவருடைய படை இரண்டாகப் பிளந்திருக்கும். பின்வாங்குவது ஓட்டமாக மாறக்கூடாது. அதனாலேயே தானும் தம்பி மாகோவும் அந்த நடுவில் நின்றார்கள். மாண்ட உரோமர், பண்டைய வரலாற்றாசிரியர்களில் பொலிபியஸ் கணக்கில் சுமார் 70,000, லிவி கணக்கில் சுமார் 48,000. குறைந்த எண்ணிக்கையே ஒரு நாளுக்கு நெஞ்சை உலுக்கும்.

காலித் பின் வலீத் (ரழி) அவர்களை மேற்கத்தியப் பட்டியல்களில் ஏன் பின்னுக்குத் தள்ளுகிறார்கள்?
– வாசகி, காத்தான்குடி

கிரேக்க, உரோம நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் போடும் பட்டியல் என்பதால்தான். அது பெரும் குறை. 636இல் சிரியாப் பக்கம் யர்மூக்கில் பைசாந்தியரோடு (கிழக்கு உரோமப் பேரரசு) ஆறு நாள் சமர். காலித் அவர்கள் குதிரைப்படையின் ஒரு பகுதியைச் சண்டையில் செலவழிக்காமல் பின்னால் வைத்திருந்து, எந்தப் பக்கம் தளர்ந்ததோ அங்கே கொண்டுபோய் முட்டுக்கொடுத்தார். கடைசி நாளில் பைசாந்தியக் குதிரைப்படையைத் துரத்திவிட, காலாட்கள் தனித்து நின்றார்கள். பின்னால் ஆழமான பள்ளத்தாக்குகள். தப்பும் பாலமோ முன்பே முஸ்லிம்கள் கையில். சேமப்படையை எப்போது அவிழ்ப்பது என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

சுற்றி வளைக்காமல் ஒரேயொரு பெயர் சொல்லுங்கள்.
– வாசகர், கல்லடி

சுபுதாய், செங்கிஸ்கானின் தளபதி. ஒரு களத்தை ஆள்வதில் ஹனிபலுக்கு நிகரில்லை. ஆனால் சுபுதாய் ஒரே வேளையில் பல களங்களை ஆண்டவர். 1241 ஏப்ரல் 9இல் போலந்தின் லெக்னிக்காவில் ஒரு மொங்கோலியப் படை வென்றது. ஏப்ரல் 11இல் ஹங்கேரியின் மோஹியில் இன்னொன்று வென்றது. இடையே மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போவதைவிடக் கூடிய தூரம். செய்தி போனது குதிரையில்.

மோஹியில் செங்கிஸ்கானின் பேரன் பத்துகான் கல்லெறி பொறிகளால் பாலத்தைப் பிடிக்க, சுபுதாய் ஆற்றின் கீழ்ப்புறம் போய்த் தனிப்பாலம் கட்டினார். அங்கே தண்ணீர் ஆழம், பாலம் பிந்தியது, அதற்குள் பத்துவின் ஆட்கள் பலர் மாண்டார்கள். அந்தப் பிழையை மறைக்கத் தேவையில்லை. வளைத்த பிறகு ஒரு பக்கம் வழிவிட்டார்கள். மூலையில் மாட்டியவன் சாகும்வரை அடிப்பான், வழி தெரிந்தவன் ஓடுவான். ஓடியவர்களை மொங்கோலியர் வழிநெடுக வெட்டினார்கள்.

எங்கள் மட்டக்களப்புக் கோட்டையில் சொல்லும்படியான தளபதி யாராவது போரிட்டாரா?
– வாசகர், ஏறாவூர்

கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கன். 1638 மார்ச் 28இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ த மெலோவின் படையை அழித்தவர். கண்டியை வெறுமையாக்கிவிட்டு அவர்களை உள்ளே வரவிட்டார். நகரை எரித்துத் திரும்பும் வழியில் வளைத்துப் பிடித்தார்.

மலைப்பாதையில் அந்த வித்தை பலித்தது. நீங்கள் கேட்ட மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டை வேறு. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி. அதற்குக் கப்பலும் பெரும் பீரங்கியும் வேண்டும். அவை ஒல்லாந்தரிடம் இருந்தன. ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டின் கப்பல்களோடு சேர்ந்து 1638 மே 18இல் கோட்டையை எடுத்தார்கள். ஐந்து நாள் கழித்து மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது மன்னர் விரும்பினால் மட்டுமே என்பது அவர் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் பிரதியில் ‘மன்னர் விரும்பினால்’ என்ற சொற்கள் இல்லை.