மருந்துக்கு அடங்காத வலிப்பும் கீட்டோஜெனிக் உணவும்

கேள்வி: எங்கள் ஆறு வயது மகளுக்கு டிராவே சிண்ட்ரோம் (குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடுமையான மரபணு வலிப்பு நோய்) இருப்பது மரபணுப் பரிசோதனையில் உறுதியாகியுள்ளது. மூன்று மருந்துகள் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. கீட்டோஜெனிக் உணவை வீட்டிலேயே தொடங்கி, மருந்துகளைக் குறைத்துவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: இரண்டையும் நீங்களாகச் செய்யாதீர்கள், அம்மா. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும், கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து மிகக் குறைந்த இந்த உணவு, சோதித்துப் பார்க்கப்பட்ட சிகிச்சைதான். 1921-ல் அமெரிக்க மருத்துவர் ரசல் வைல்டர் முன்வைத்த இம்முறையை 145 குழந்தைகளிடம் ஆராய்ந்து 2008-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், மூன்று மாதங்களில் இவ்வுணவை உண்டவர்களில் 38 சதவீதத்தினருக்கும், உண்ணாதவர்களில் 6 சதவீதத்தினருக்கும் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. குறைந்தது என்றுதான் சொல்கிறேன். மரபணுக் கோளாற்றை எந்த உணவும் குணப்படுத்தாது.

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உருவாக்க, மூளை அவற்றை எரிபொருளாகக் கொள்கிறது. புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நான்கு கிராம் என்று ஒவ்வொரு வேளையும் எடைபோட்டுத் தர வேண்டியிருக்கும். குளுக்கோஸை மூளைக்குள் கொண்டுசெல்லும் புரதத்தில் குறையுள்ள குழந்தைகளுக்கு இதுவே முதன்மைச் சிகிச்சை. கொழுப்பை எரிக்க இயலாத சில பரம்பரைக் கோளாறுகளிலோ இதே உணவு உயிரைப் பறிக்கக்கூடும். அதனால்தான் முதலில் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் கட்டாயமாகின்றன.

டிராவே குழந்தைகள் பலருக்கு இவ்வுணவு பலனளித்திருப்பதால், குழந்தை நரம்பியல் மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் தயங்காமல் கேளுங்கள். மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். சிரப்புகளில் உள்ள சர்க்கரையே கீட்டோன் அளவைக் கெடுத்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உணவு பயன்படாவிட்டால், மார்பில் சிறு கருவி பொருத்தி, கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டும் சிகிச்சையைப் பற்றியும் பேசலாம்.

இன்றே நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. இந்நோயில் காய்ச்சலும் வெந்நீர்க் குளியலும் வலிப்பைத் தூண்டும் என்பதால் உடல் சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பமாசெபின், லாமோட்ரிஜின் போன்ற மருந்துகள் டிராவேயில் வலிப்பை அதிகரிக்கக்கூடும். மகளின் மூன்று மருந்துகளில் அவை உள்ளனவா என்பதை அடுத்த சந்திப்புவரை காத்திராமல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடங்களில் நிற்காவிட்டால், மருத்துவர் அவசரத்துக்கென எழுதித் தந்த மருந்தைக் கொடுத்து உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.