ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்த்தால் கிராம சபை தீர்மானம் தடுக்குமா?

வணக்கம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டால் இணைப்பு நின்றுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். நிற்காது, ஆனாலும் போடுங்கள், பதிவாக இருக்கும்.

கனமானது ஆட்சேபணை மனுதான். அதில் "வரி ஏறும், நூறு நாள் வேலை போகும்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் நியாயமான பயம்தான். அந்த வேலை ஊரகப் பகுதிக்கு மட்டும்தானே. ஆனால் ஓர் இடத்தை நகர்ப்புறமாக அறிவிக்கும்போது அரசியலமைப்பின் 243கியூ பிரிவு பார்க்கச் சொல்வது வேறு: மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சிக்கு வரும் வருவாய், விவசாயம் அல்லாத தொழிலில் இருப்பவர்கள் எத்தனை விழுக்காடு. உங்கள் ஊரில் பாதிப் பேர் இன்னும் வயலில்தான் என்றால் அதை அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு) நகலோடு காட்டுங்கள். அரசின் இணைப்பு அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் மனுவை நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். இதை மறந்துவிட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தடுக்க முடியாமல் போனால் வார்டு எல்லையைக் கவனியுங்கள். 2011இல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. மொத்தமே 200 வார்டுதான். உங்கள் ஊர் இரண்டு வார்டாக உடைந்தால் கவுன்சிலரிடம் பேச யாருக்கும் பலம் இருக்காது. வார்டு வரையறை வரைவு வெளியாகும்போதும் ஆட்சேபிக்கலாம்.