உதட்டுப் புற்றுநோய்க்கு நோய் எதிர்ப்புச் செல்களே துணைபோகின்றனவா? அப்படியானால் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருப்பது நல்லதா?

முதல் கேள்விக்கு ஓரளவு ஆம். இரண்டாவதற்கு இல்லவே இல்லை. சென்னையில் வாய்நோய்த் திசு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் நுண்ணோக்கியில் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

நம் ஊரில் வாய்ப்புற்று என்றால் பெரும்பாலும் புகையிலை அடக்கிய கன்னத்தின் உட்புறம்தான். கீழுதட்டின் வெளிப்புறத்தில் வருவதற்கு முக்கியக் காரணம் வெயில். காசிமேட்டுப் படகுகளில் வருடக்கணக்காக வெயிலில் நின்றவர்கள் சிலருக்குக் கீழுதடு செதில் செதிலாக உரிந்து, உதடு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்ற கோடே மங்கியிருக்கும். இது புற்றுக்கு முந்தைய நிலை. எல்லோருக்கும் புற்றாக மாறிவிடாது.

அந்த உதட்டுத் துணுக்குக்கு டொலுயிடின் நீலச் சாயம் ஏற்றினால், நீலத் திசுவுக்கு நடுவே மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் தெரியும். 1878இல் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக் சாயமேற்றிக் கண்டு விவரித்த அதே செல்கள். வெயிலில் கெட்ட உதட்டில் இவை கூட்டமாக இருக்கும். பலவற்றின் துகள்கள் வெளியே சிதறிக் கிடக்கும். டிரிப்டேஸ், கைமேஸ் என்ற நொதிகள் அந்தத் துகள்களில்தான் இருக்கின்றன. டிரிப்டேஸ் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டும். கைமேஸ், செயலற்றுக் கிடக்கும் எம்.எம்.பி.-9 என்ற நொதியைத் தட்டி எழுப்பும். அது மேல்தோலுக்கு அடியிலுள்ள சவ்வின் கொலாஜனை அரிக்கும். சவ்வு முழுதாக இருக்கும்வரை கெட்ட செல்கள் மேலேயே அடைபட்டுக் கிடக்கும். ஓட்டை விழுந்து கீழே இறங்கிவிட்டால்தான் எங்கள் அறிக்கையில் 'புற்று' என்று எழுதுவோம்.

மாஸ்ட் செல்லைத் திட்டிப் பயனில்லை. காயம் ஆறும்போதும் இதே நொதிகளைத்தான் அது கொட்டுகிறது. வெயில் நாள்தோறும் புண்படுத்துவதால் ஆற்றும் வேலை ஓய்வதே இல்லை. மரபணுவைக் கெடுத்து ஆரம்பித்து வைத்ததும் புற ஊதாக் கதிர்தான்.

எதிர்ப்புச் சக்தி குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களே சான்று. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடும் அவர்களுக்கு உதட்டுப் புற்று மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கெட்ட செல்களைத் தேடிக் கொல்லும் டி செல்களின் கையை அந்த மாத்திரைகள் கட்டிவிடுகின்றன. அதற்காக 'சக்தி கூட்டும்' பொடியை வாங்கிக் குடித்தாலும் மாஸ்ட் செல் அடங்காது. உங்கள் வீட்டில் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர் இருந்தால், அடுத்த பரிசோதனையில் கீழுதட்டையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.